கேமரன் மலையில் ஒரு கேமரா

கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களைப் பார்த்தால், ஐரோப்பிய வசந்தம் மலேசியாவின் ஒரு மூலையில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டதோ என்று தோன்றும். கொத்துக் கொத்தாக நீல ஹைட்ரேஞ்சியா, உள்ளங்கை அகலத்துக்கு ரோஜா, பாத்தி பாத்தியாகச் சாமந்தி, லாவெண்டர். படம் ஜனவரியில் எடுத்ததா, ஆகஸ்டில் எடுத்ததா என்று கேட்டால் எடுத்தவரே தேதியைத் தேடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கே வசந்தம் வருவதே இல்லை. வராததால் போவதும் இல்லை. பூ எப்போதும் இருக்கிறது.

படமெடுப்பவருக்கு இது பெரிய வசதி. கூடவே ஒரு சிக்கலும் உண்டு. இந்த மலையில் பூவின் நேரமும் நிறமும் நாம் வழக்கமாக நினைக்கும் இடத்திலிருந்து வருவதில்லை. அது தெரியாமல் கிளிக் செய்தால், நேரில் பார்த்த நீலம் படத்தில் வேறு நீலமாக வந்து நிற்கும்.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய நாலரை டிகிரியில் இருக்கிறது இந்த மலை. 1885இல் இங்கே அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர்தான் மலைக்கு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அரை மணி நேரந்தான் வித்தியாசம். ஊட்டியில் அது ஒரு மணி இருபது நிமிடம். லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் மேல். குளிரைத் தருவது பருவம் அல்ல, உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக வெப்பம் குறையும். மலையிலுள்ள தானா ராத்தா ஊரின் உயரம் ஏறக்குறைய 1,440 மீட்டர். கீழே ஈப்போ 33 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது இங்கே 22, 23தான். இரவில் 15க்கு இறங்கும். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி இங்கே பதிவான 7.8 டிகிரிதான் மலேசியாவில் இதுவரை அளந்த மிகக் குறைந்த வெப்பநிலை. உறைபனி என்ற பேச்சே இல்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுத்துப்போவதையும், தாவரவியல் பூங்கா மே மாத மலர்க் கண்காட்சிக்கென்று மாதக்கணக்கில் தயாராவதையும் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். ஊட்டிக்கு ஒரு ‘சீசன்’ உண்டு. கேமரன் மலைக்கு இல்லை.

குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூப்பேன் என்று அடம்பிடிக்கும் செடிகள் இங்கே பிழைப்பது கடினம். துலிப் கிழங்குக்கு மூன்று மாதத்துக்கு மேல் நல்ல குளிர் வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்து ஏமாற்றினால்தான் உண்டு. நாட்காட்டியைப் பற்றிக் கவலைப்படாத ரோஜா, இரவுக் குளிரே போதும் என்று மொட்டு வைக்கும் ஹைட்ரேஞ்சியா போன்றவைதான் இங்கே கொழிக்கின்றன.

சாமந்தியின் கதை வேறு. அது இரவை அளக்கும் செடி.

பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி கம்போங் ராஜா பக்கம் இருட்டிய பிறகு போனால், சரிவுகளில் பிளாஸ்டிக் கூரைப் பந்தல்கள் வரிசையாக விளக்கெரிந்து மஞ்சளாக ஒளிர்வதைப் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்கள் திருவிழா என்றுகூட நினைப்பார்கள். அத்தனையும் சாமந்திப் பண்ணைகள். சாமந்தி பூப்பதற்கு நீண்ட, இடையறாத இருட்டு வேண்டும். இந்த மலையில் ஆண்டு முழுவதும் இரவு கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம். சாமந்திக்கு அது தாராளம். அப்படியே விட்டால் ஒரு சாண் வளர்வதற்குள் மொட்டு வைத்துவிடும். ஒரு சாண் காம்புள்ள பூவைக் கடைக்காரர் வாங்க மாட்டார். அதனால் நாற்று நட்டதும் நள்ளிரவை ஒட்டிச் சில மணி நேரம் விளக்கைப் போடுகிறார்கள். ஒரே நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாக உடைகிறது. செடி ‘இன்னும் கோடைதான்’ என்று எண்ணி இலையும் தண்டுமாக உயர்ந்துகொண்டே போகிறது. வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிடுவார்கள். அன்றிலிருந்து ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து வாரத்தில் பூ.

இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் இந்தக் கடிகாரத்தைப் பார்க்கும் கண். சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவம், இருட்டிலும் தொலைசிவப்பு ஒளியிலும் இன்னொரு வடிவம். பகலின் நீளத்தைக் கொண்டு செடி பூக்கும் நேரத்தை முடிவு செய்கிறது என்பதை அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் இருவரும் 1920இல் புகையிலையை வைத்து வெளியிட்டார்கள். 1930களில் சோவியத் விஞ்ஞானி சைலாக்யான் சாமந்தியையே எடுத்துக்கொண்டு, இருட்டை உணர்வது நுனிமொட்டு அல்ல, இலைதான் என்று காட்டினார். இலையிலிருந்து மொட்டுக்கு ஏதோ ஒரு சேதி போயாக வேண்டும். அதற்கு ஃபுளோரிஜன் என்று பெயரும் வைத்தார். அந்தச் சேதி ஒரு புரதம் என்று உறுதியாகச் சொல்ல 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இந்தச் சேதி வியாபாரமும் ஆகிவிட்டது. ஜப்பான் வெளிநாட்டிலிருந்து வாங்கும் சாமந்தியில் மலேசியாவின் பங்கு பெரிது. அங்கே ஒரு பூஜை நாளுக்கு வேண்டிய பூ எப்போது மலர வேண்டும் என்பதை இங்கே ஒருவர் சுவிட்சில் கை வைத்து முடிவு செய்கிறார்.

இந்தப் பந்தல்களை இரவில் படமெடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் வினாடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். ஐம்பதில் ஒரு வினாடிக்கோ அதற்கும் மெதுவாகவோ வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

இனி ஹைட்ரேஞ்சியா. கேமரன் மலையில் வேலியோரம், ஹோட்டல் வாசல், தேநீர்க்கடைப் படிக்கட்டு என்று எங்கு திரும்பினாலும் இதுதான். நாம் இதழ் என்று நினைத்துப் படமெடுக்கும் அந்த நான்கு அகன்ற தகடுகளும் இதழ்களே அல்ல, புல்லிகள். உண்மையான பூ நடுவில் மிளகளவு மணியாக இருக்கும். நெருங்கி எடுப்பவர்கள் அந்த மணியில் ஃபோகஸ் வைத்துப் பாருங்கள். சில நாளில் அது விரிந்து குட்டி இதழ்களும் கேசரங்களும் தெரியும். கொத்தை மொத்தமாக எடுத்த ஆயிரம் படங்களைவிட அந்த ஒரு படம் மேல் என்பது என் கட்சி.

அதன் நீலம்தான் அதிசயம். நீல ஹைட்ரேஞ்சியாவிலும் இளஞ்சிவப்பு ஹைட்ரேஞ்சியாவிலும் இருப்பது ஒரே நிறமி: டெல்ஃபினிடின் வகை ஆந்தோசயனின். மண்ணிலிருந்து அலுமினியம் ஏறிவந்து அந்த நிறமியைப் பற்றிக்கொண்டால் நீலம், வராவிட்டால் இளஞ்சிவப்பு. அலுமினியம் இல்லாத மண் கிடையாது. ஆனால் மண் அமிலமாக இருந்தால்தான் அது நீரில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். பி.எச். அளவு ஐந்தரைக்குக் கீழே இருந்தால் நீலம் தெளிவாக வரும். கேமரன் மலையின் மண், கருங்கல் உளுத்து, ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் கரைந்து கரைந்து அமிலமாகிப்போன மண். இந்த ஊரில் நீலம் பூக்க யாரும் மெனக்கெட வேண்டாம். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால்தான் சுண்ணாம்பு போட வேண்டும். சிமெண்டுச் சுவரை ஒட்டி நிற்கும் புதரை உற்றுப் பாருங்கள். சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் கொஞ்சம் மாற்றிவிடுவதால், சுவர்ப்பக்கக் கொத்து ஊதாவாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருப்பது உண்டு. ஒரே செடி, ஒரே நாள், இரண்டு நிறம்.

ஜப்பானிய ஆய்வாளர் குமி யோஷிதாவின் குழு இந்தத் தகடுகளின் செல்களைத் தனித்தனியாக அளந்து பார்த்தது. நீலச் செல்லின் சாற்றில் பி.எச். ஏறக்குறைய 4.1, சிவப்புச் செல்லில் 3.3. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமில மண் நீலம் தருகிறது. ஆனால் செல்லுக்குள் அமிலம் குறைவாக இருந்தால்தான் நீலம் நிலைக்கிறது. மண்ணுக்கு ஒரு நியாயம், செல்லுக்கு ஒரு நியாயம்.

கரைந்த அலுமினியம் பெரும்பாலான பயிர்களுக்கு விஷம். வேர்நுனியைக் கருக்கி வளர்ச்சியை முடக்கிவிடும். ஹைட்ரேஞ்சியா அதைச் சிட்ரிக் அமிலத்தோடு பிணைத்துப் பத்திரமாக மேலே அனுப்புகிறது. இதே வித்தை தெரிந்த இன்னொரு செடி பக்கத்துச் சரிவு முழுக்க நிற்கிறது: தேயிலை. தேயிலைக்கும் பி.எச். நாலரை முதல் ஐந்தரை வரையுள்ள மண்தான் பிடிக்கும். அதுவும் அலுமினியத்தை இழுத்து முற்றிய இலைகளில் சேர்த்துவைக்கும். நாம் குடிக்கும் கொழுந்தில் அது மிகக் குறைவு. படத்தில் முன்னால் நீலக் கொத்தும் பின்னால் தேயிலைச் சரிவும் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே புளித்த மண்ணின் விளைச்சல்.

இந்த நீலத்தைக் கேமராவுக்குள் கொண்டுவருவது எளிதல்ல. டிஜிட்டல் சென்சாரின் மேல் ஒரு வண்ணக் கட்டம் இருக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. கட்டங்களில் பாதி பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கம் பார்க்கும் என்பதால் செய்த பங்கீடு. எனவே நீலப் பூவைக் கேமரா பெரும்பாலும் தன் கால்வாசிக் கண்ணால்தான் பார்க்கிறது. வெளிச்சம் குறைந்தால் முதலில் நீலத்தில்தான் புள்ளி தட்டும். சிவப்பு ரோஜாவில் தொல்லை நேரெதிர். ஒளிமானி பச்சையை முக்கியமாக வைத்துக் கணக்குப் போட்டு ‘சரி’ என்று சொல்லும். அதற்குள் சிவப்புக் கட்டங்கள் நிரம்பி வழிந்திருக்கும்; மடிப்பும் நரம்பும் மறைந்து, ரோஜா ஒரு சிவப்புத் தீற்றலாக நிற்கும். வெளிச்ச அளவை அரையோ முக்காலோ படி குறைத்து எடுத்தால் மடிப்புகள் திரும்பக் கிடைக்கும்.

இன்னொரு வில்லன் தானியங்கி வெண்சமநிலை. படத்தின் எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வர வேண்டும் என்ற ஊகத்தில் ஓடும் நிரல்கள் பல. சட்டகம் முழுக்க நீலக் கொத்தை நிரப்பினால், ‘வெளிச்சத்திலேயே நீலம் கூடிவிட்டது போல’ என்று அது மஞ்சளைச் சேர்க்கும், நீலம் சோர்ந்துவிடும். தேயிலைச் சரிவை நிரப்பினால் பச்சையை அடக்க மெஜந்தாவைத் தெளிக்கும். கொழுந்தின் இளம்பச்சை பழுத்த இலையின் சாயலுக்குப் போய்விடும். வெண்சமநிலையை வெயில் அல்லது மேகமூட்டம் என்று ஒன்றில் நிறுத்திவிடுங்கள். முடிந்தால் ரா கோப்பாகவும் எடுத்து வையுங்கள்.

ஃபிலிம் காலத்தில் இதைவிட மோசம். அஜெரேட்டம் என்ற நீலப் பூவை எடுத்தால் இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். பூவின் பெயராலேயே அந்தக் கோளாறைக் குறிப்பிட்டார்கள். அந்தப் பூ, நம் கண்ணுக்கு எட்டாத 700 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒளியை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். நம் கண்ணுக்கு அது இல்லாத ஒளி. ஃபிலிமின் சிவப்பு அடுக்குக்கோ இருக்கும் ஒளி. இன்றைய சென்சார்களின் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி உண்டு என்பதால் தொல்லை பெருமளவு ஒழிந்தது. தேனீயிடம் போனால் கதை மறுபடி மாறும். தேனீக்குச் சிவப்பு தெரியாது, புற ஊதா தெரியும். தேனீக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியும் என்று நிறுவிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். நாம் வெறும் மஞ்சளாகப் பார்க்கும் பல பூக்களின் நடுவில், தேனுக்கு வழிகாட்டும் கரும்வட்டம் தேனீக்குத் தெரிகிறது. பூ நமக்காகப் போஸ் கொடுப்பதில்லை.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. மலேசியக் கடிகாரம் இந்த மலையின் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. காலை ஏழு மணிக்கு மேல்தான் உதயம். உச்சி வெயில் ஒன்றேகாலுக்கு. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் ஆறு மணிக்கே அலாரம் வைத்து இருட்டில் நடுங்க வேண்டாம். ஒன்பதரை வரை சாய்ந்த நல்ல வெளிச்சம் கிடைக்கும். உலகம் வசந்தம் என்று கொண்டாடும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில்தான் இங்கே சூரியன் நட்டுக்கு நடு உச்சந்தலையில் நிற்கும். பூவின் மேற்பரப்பு வெளுத்து, அடியில் கறுத்து, படத்துக்கு அதைவிட மோசமான வெளிச்சம் கிடையாது.

நல்ல வேளையாக மஞ்சு இருக்கிறது. மஞ்சின் நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். அதனால்தான் அது வெள்ளை. வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வரும், நிழல் கரையும், பூவின் சொந்த நிறம் பளபளப்பின் தொந்தரவு இல்லாமல் தெரியும். ஆனால் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கத் துடிக்கும். வெண்மஞ்சு சூழ்ந்த தோட்டத்தை அப்படியே எடுத்தால் மழைக்கால மாலை போல இருண்டு வரும். ஒரு படி கூட்டி எடுக்க வேண்டும். பிரிஞ்சாங் சிகரத்தை ஒட்டிய பாசிக்காட்டில் இதற்கு நேர்மாறு. அங்கே கரும்பச்சைப் பாசியைக் கேமரா வெளுக்க வைத்துவிடும், குறைத்து எடுக்க வேண்டும். நெருங்கி எடுக்கும்போது காற்றுதான் எமன். முழுச்சட்டக சென்சாரில், பூவை அதன் நிஜ அளவிலேயே பதியும் நெருக்கத்தில், எஃப்/8 துவாரத்தில்கூடத் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். காற்றில் காம்பு அசைவது அதைவிடக் கூடுதல்.

இவ்வளவு பூக்களுக்கு நடுவில், தோட்டத்துக்கே சொந்தமான ஒரு பூவை யாரும் எடுப்பதில்லை. தேயிலைப் பூ.

‘போ’ என்ற தேயிலை நிறுவனத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கினார். சுங்கை பாலாஸ் சரிவில் இன்று கூட்டம் கூட்டமாக நின்று செல்ஃபி எடுப்பவர்களின் பின்னணி அந்த நிறுவனத்தின் தோட்டந்தான். இந்த மலையின் தோட்டங்களில் தமிழர்கள் கொழுந்து பறித்த தலைமுறைகள் உண்டு. இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். விரலால் கிள்ளிக் கூடையில் போட்ட காலம் மாறி, கத்தரியும் எந்திரமும் வந்துவிட்டன. (கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பூங்காவின் பொம்மைகள் அல்ல, வேலை நேரத்தில் இருப்பவர்கள்.)

தேயிலை காமெலியா பேரினத்துச் செடி. விட்டுவிட்டால் மரமாகி, வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் கேசரக் குவியலுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூ ஏறக்குறைய மூன்று, நான்கு சென்டிமீட்டர் அகலம். தலை கவிழ்ந்து தொங்கும். ஆனால் பூத்தால் தோட்டத்துக்கு நஷ்டம். இலைக்குப் போக வேண்டிய சத்து பூவுக்கும் காய்க்கும் போய்விடும். மாறி மாறிக் கொழுந்தெடுத்து, சில ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்து, செடியை இடுப்புயர மேசையாக நிறுத்தி வைப்பது அதற்காகவும்தான். மேசையின் மேல்மட்டத்தில் பூவைத் தேடாதீர்கள். பறிக்கும் கை எட்டாத பக்கவாட்டில், பாத்தியோரத்தில், கவாத்து தள்ளிப்போன பழைய செடிகளின் இடுக்கில் குனிந்து பாருங்கள். பூ தலை கவிழ்ந்திருப்பதால் கேமராவைத் தரையோரம் கொண்டுபோய் மேல்நோக்கி எடுக்க வேண்டும். மஞ்சு நாளாக இருந்தால் பின்னணி வெள்ளைத்தாள் போல அமையும்.

இந்தப் பூவுக்குத் தன் மகரந்தமே ஒத்துக்கொள்ளாது. வேறு செடியின் மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்தால்தான் விதை பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. ஒரு தாயின் பிள்ளைகள் இரண்டு ஒன்றுபோல் இருக்காது. 1930களில் தேயிலையைப் பெரும்பாலும் விதை போட்டுத்தான் வளர்த்தார்கள். ஒரே தாயின் தண்டைத் துண்டு போட்டு நடுவது, இலங்கை மலையகத்தில் ‘வீ.பி. தேயிலை’ என்பார்களே அது, பிறகுதான் பரவியது. மலைச்சரிவை டெலிஃபோட்டோவில் இழுத்து எடுத்தால் இந்த வேறுபாடு தெரியும். தண்டு நட்ட பகுதி ஒரே பச்சையில் வழவழவென்று இருக்கும். விதைத் தேயிலை நிற்கும் பகுதியில் ஒரு செடி மஞ்சளோடிய பச்சை, அடுத்தது கரும்பச்சை, அதற்கடுத்தது தாமிரம் கலந்த கொழுந்து என்று புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் பிசிறு பராமரிப்புக் குறையால் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. யாரும் பார்க்காத பூக்களில் பூச்சிகள் செய்துவைத்த வேலை அது. இலையின் மெழுகுப் பளபளப்பு இந்த நிற வேறுபாட்டைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஒன்பது மணிக்கு முன், சூரியனைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, போலரைசர் வடிகட்டியை மெதுவாகத் திருப்பினால் பளபளப்பு இறங்கி ஒவ்வொரு செடியின் பச்சையும் தனித்தனியாகப் பிரியும்.